அவசரமில்லை

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்பார்கள். வாரத்தில் ஆறு நாளும் டையிங் கம்பெனி லேப்பில் துணித் துண்டுகளை விளக்கடியில் பிடித்து, இந்த நீலமும் அந்த நீலமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு கிழமை எங்கே இருக்கிறது. அதனால் உச்சி நனைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். காதோரம் வழிகிறது, வழியட்டும். போன் திரையிலும் எண்ணெய், துடைக்கத் துடைக்க இன்னும் மினுங்குகிறது. கொடியில் அண்ணனின் சட்டை ஆடுகிறது. புயல் திருப்பூர் வரைக்கும் வந்து சேர்ந்தபோது அதில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது, ஒரு சட்டையை ஆட்டுகிற அளவு. வெள்ளிக்கிழமை ராத்திரி வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியபோது அது எப்படி இருந்தது என்று டிவியில் பார்த்தேன். தென்னைமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமயிர் மாதிரி படுத்துக் கிடந்தன. அதில் எந்த மரத்துக்கு அடியில் யார் வீடு, யாருக்குத் தெரியும், வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே மனசே, இந்தப் பக்கம் வா, இங்கே நல்ல சேதி நிறைய இருக்கிறது. குழுவில் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. வைரக்கண்ணு அண்ணனுக்கு அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல் உண்டென்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தச் சாம்பல் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் குழுவுக்குப் பெயர் அவசரமில்லை. திக்கிப் பேசுகிறவர்களின் வாட்ஸப் குழு. திருச்சியில் பேங்க்கில் வேலை பார்க்கும் ரெஜினா அக்கா ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒவ்வொருவரும் குரலில் ஒரு சேதி அனுப்ப வேண்டும், என்ன வேண்டுமானாலும் பேசலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகலாம். இரண்டே சட்டம்தான். யாருடைய சொல்லையும் யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது. மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்து விடு என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. நான் சேர்ந்த அன்றைக்கு ரெஜினா அக்காவின் குரலைப் போட்டுக் கேட்டேன், வ-வ-வ-வணக்கம் என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, கேலிச் சிரிப்பு இல்லை, கண்ணாடியில் முதன்முதலாகத் தன்னைப் பார்த்த குழந்தை சிரிக்குமே அது. என் வாய்க்குள் மட்டுமே இருக்கிறதென்று நினைத்திருந்த ஒன்று திருச்சியிலும் இருக்கிறது, நாகூரிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் யாருக்கு எந்த எழுத்து மாட்டும் என்று எல்லோருக்கும் எல்லோருடையதும் தெரியும். ஜமால் பாய்க்கு உயிரெழுத்தெல்லாம் மாட்டும். நேற்றுக் காலையில் ரெஜினா அக்கா, கடலோரத்தில் இருக்கிறவர்கள் இருக்கேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று போட்டிருந்தார். இருக்கேன் என்பது இ-யில் ஆரம்பிக்கிறதே அக்கா, அந்தப் பாவி மனிதர் என்ன செய்வார் என்று நினைத்தேன். மத்தியானம் நாகூரிலிருந்து வந்தது, பின்னால் யாரோ ஓட்டுக்கு ஆணி அடிக்கிற சத்தம், முன்னால் ஜமால் பாயின் இ. அந்த இ போய்க்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி கிளம்பியது, இ, இ, இ, ஆணிச் சத்தத்துக்குத் தாளம் போடுகிற மாதிரி. நான் துணித் துண்டைக் கையில் பிடித்தபடி லேப்பில் நின்று கேட்டேன். செத்தவன் இ சொல்ல மாட்டான். ருக்கேன் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசி வரைக்கும் கேட்டேன், சட்டம் சட்டம்தான்.

வைரக்கண்ணு அண்ணன் வேதாரண்யத்தில் மினி பஸ் கண்டக்டர். திக்குகிறவனுக்கு யாராவது கண்டக்டர் வேலை கொடுப்பார்களா என்று கேட்டால், மாமனார் கொடுத்தார் என்பார். வண்டி மாமனாருடையது. முதல் நாள் தோப்புத்துறை என்று சொல்ல முடியாமல் தோ-தோ-தோ என்று நின்று, இறங்க வேண்டிய ஆட்கள் எல்லாம் தாண்டிப் போய்விட்டார்களாம். மறுநாள் அதைப் பாடிவிட்டார். பாடினால் எங்களில் யாருக்கும் மாட்டாது, அது ஏன் என்று டாக்டர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். தோஓஓப்புத்துறை எறங்கு என்று தாலாட்டு ராகத்தில் இழுப்பார், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ராகம், கூட்டம் அதற்காகவே இந்த வண்டிக்குக் காத்திருக்கும் என்று சொல்லிக்கொள்வார். பாதி பொய்யாக இருக்கலாம், நல்ல பொய். என்னைத் திருப்பூர் தங்கச்சி என்பார். ஓட்டலில் பரோட்டா கேட்க வாய் வராமல் வருஷக்கணக்கில் இட்லியே தின்றவள் நான் என்று ஒருநாள் குழுவில் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே அவரிடமிருந்து பரோட்டா என்று ராகம் போட்டு ஒரு குரல் வந்தது, இதே மெட்டில் கேளு தங்கச்சி, ரெண்டு சேர்த்தே வைப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்பியதுதான் கடைசி. கா-காத்து இன்னும் வரல, க-கடல் சத்தம் மட்டும் கேக்குது, புள்ள பயப்படுது, நான் வ-வண்டிய எடுத்துக்கிட்டு என்று அதோடு நிற்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே. அந்த இடத்தில் யோசனை மாட்டிக்கொள்கிறது, எனக்குச் சொல் மாட்டுகிற மாதிரி, வண்டியை எடுத்துக்கிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு. கீற்றுக் கொட்டகை வீடு என்று எப்போதோ சொன்னாரா, ஓட்டு வீடா, கேட்டிருக்கலாம், ஊரில் இருக்கிற ராகமெல்லாம் கேட்டேன், கூரை எது என்று கேட்கவில்லை. அவருடைய நம்பரைக் குழுவில் எல்லோரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். அந்தப் பெண் குரல் ஒருநாளும் திக்குவதில்லை.

எண்ணெய் இப்போது புருவத்துக்கு வந்துவிட்டது. புறங்கையால் துடைக்கிறேன், துடைக்கும்போது பார்சல் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு வைரக்கண்ணு அண்ணன் மகளுக்கு என்று கம்பெனியில் கழித்துப்போட்ட டி-ஷர்ட் இரண்டு அனுப்பினேனே, வீட்டு விலாசத்துக்குக் கூரியர்க்காரன் வரமாட்டான், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அனுப்பு என்றாரே, அந்தக் கடைக்காரர் நம்பர் என்னிடம்தானே இருக்கிறது. தேடுகிறேன், எண்ணெய் விரலுக்குத் திரை நகர மாட்டேன் என்கிறது, நகர்ந்துவிட்டது, வேதாரண்யம் டீக்கடை. ஐயோ. இருந்தே தொலைத்துவிட்டது. இல்லையென்றால் இல்லை என்று உட்கார்ந்திருக்கலாம், இருப்பதால் கூப்பிட வேண்டும். முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் போனில். சின்ன வயதில் வீட்டு போன் அடித்தால் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். நேருக்கு நேர் என்றால் வாய் இழுத்துக்கொண்டு நிற்பதை எதிராளி பார்ப்பார், பார்த்துப் பரிதாபமாவது படுவார். போனில் என் திக்கல் வெறும் அமைதி, அமைதியை யாரும் காதில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நம்பரைக் குழுவில் போட்டுவிட்டால் என்ன, வேறு யாராவது பேசட்டும். வேறு யார், நினைத்ததுமே சிரிப்பு வருகிறது, அங்கே இருக்கிற அத்தனை பேரும் நான்தான். ரெஜினா அக்கா எடுத்துப் பேசுவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசையில் இருப்பார். அப்போது அண்ணி படியேறி வருகிறாள், கையில் சீயக்காய்க் கிண்ணம். "ஏன் அம்மணி, எண்ணெய் வச்சு எந்நேரம் ஆச்சு, தண்ணி வாக்க வர்லியா," என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள், முகத்தில் போன் கால் எழுதியிருக்கும் போல. "யாருக்குப் பேசோணும்? குடு, நான் பேசறேன்." கை நீண்டுவிட்டது. பத்து வருஷமாக நீள்கிற கை அது, கேஸ் புக் செய்த கை, பல் டாக்டரிடம் நேரம் வாங்கிய கை, என்னைப் பெண் பார்க்க வந்தவன் போனில் கேட்டதற்கெல்லாம் என் சார்பில் பதில் சொல்லி அவனை அனுப்பியும் வைத்த நல்ல கை. கொடுத்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் அண்ணி என்ன கேட்பாள், வைரக்கண்ணுங்கறவரு உசுரோட இருக்காருங்களா என்று கேட்பாள், அந்தக் கேள்வியை அப்படி வழுக்கிக்கொண்டு போகிற வாயால் கேட்கக் கூடாது என்று தோன்றுகிறது. ஏன் என்று தெரியவில்லை. அவர் எங்களவர். "நா-நா-நானே பேசறேன் அண்ணி," என்றேன். அவள் நீட்டிய கையைப் பார்த்தாள், மடக்கிக்கொண்டாள், சீயக்காயைத் தொட்டிமேல் வைத்தாள். "பேசு, பேசு. நான் அடுப்புல தண்ணிய வெக்கறேன்," என்று இறங்கிப் போனாள். பாதிப் படியில் நின்று கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், கொலுசுச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

அடித்தேன். மணி போகிறது. போகிறதே, புயல் அடித்த ஊரில் மணி அடிக்கிறதே, அதுவே ஒரு சந்தோஷம். ஒரு ஆண் குரல் ஹலோ என்றது. வை என்று ஆரம்பிக்க வேண்டும், உதடு பல்லில் போய் ஒட்டிக்கொண்டது, தொண்டைக்குள் கதவு விழுந்துவிட்டது, ஹலோ, ஹலோ, அவ்வளவுதான், வைத்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். மறுபடி அடித்தேன். ஹலோ, யாரு, ஹலோ. வ என்று காற்று மட்டும் போனது, வைத்துவிட்டார். கண்ணில் எண்ணெய் இறங்கி எரிகிறது, அழுகை இல்லை, எண்ணெய்தான். மூன்றாவது தடவை அவர் எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, பெரிய சத்தமாக, "வச்சிராத, வச்சிராத. யாரு பெத்த புள்ளையோ திருப்பித் திருப்பி அடிக்கிற. நேத்துலேர்ந்து இங்க வர்ற போனெல்லாம் இப்புடித்தான், வெட்டி வெட்டித்தான் வருது. டவரு படுத்துட்டுது. நீ ஒண்ணொண்ணாச் சொல்லு, எனக்கு ஒரு வேலையும் இல்ல, கடையில பாலே கெடையாது," என்றார். அவருக்கு என் வாய் டவராகத் தெரிந்திருக்கிறது. அந்த ஊர் முழுக்க இன்றைக்கு எல்லோரும் திக்குகிறார்கள், எல்லோரும் காத்திருக்கிறார்கள், யாரும் கோபப்படவில்லை. தொண்டைக் கதவு யாரோ தள்ளினாற்போல் லேசாகத் திறந்தது. "வ-வ-வ-வைர," என்றேன். "கேக்குது, கேக்குது, சொல்லு." "வைர-க்-க்-கண்ணு." "வைரக்கண்ணா, நம்ம பாட்டுக் கண்டக்டரா? அவனுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கான்."

கல்லு மாதிரி. கொடியில் சட்டை ஆடுகிறது, வானம் கழுவிவிட்ட மாதிரி, இந்த நீலத்துக்கு எங்கள் லேப்பில் நம்பர் கிடையாது. கடைக்காரர் பேர் பக்கிரிசாமி, அவரே சொன்னார், கேட்காமலே எல்லாம் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று ஏறுவதற்கு முன்னால் கடற்கரைக் குப்பத்து ஜனங்களை மினி பஸ்ஸில் ஏற்றி ஏற்றி வந்து ஸ்கூல் கட்டிடத்தில் இறக்கினது வைரக்கண்ணும் டிரைவரும்தானாம். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கிழடுகளை அவன் வாசலில் நின்று ஊர் பேர் பாடி, ஸ்கூல் எறங்கு ஸ்கூல் எறங்கு என்று சிரிக்கவைத்துக் கூட்டி வந்தானாம். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே என்று இரண்டு நாளாக என்னைத் தின்ற கேள்விக்கு இதுதான் பதில். "அவன் ஓடு பூரா பறந்துட்டுது, பொண்டாட்டி புள்ள நல்லா இருக்கு. போனு தண்ணியில போச்சு. நீ யாருன்னு சொல்லலியே." "தி-திருப்பூர்," என்றேன். "திருப்பூர் தங்கச்சியா? டி-ஷர்ட்டு அனுப்புன பொண்ணா? அட, இரு இரு, இங்கதான் பஸ்ஸுகிட்ட நிக்கிறான்." அவர் நடக்கிற சத்தம், காலடியில் ஓடு நொறுங்குகிற சத்தம், யாரோ இரும்பை இழுக்கிறார்கள், ஒரு குழந்தை எதற்கோ சிரிக்கிறது, டேய் வைரம், ஒன் தங்கச்சி. பிறகு ஒன்றுமே இல்லை. போன் கை மாறியிருக்கிறது. அவர் மூச்சு கேட்கிறது. முன்பு எப்போதும் பதிவு செய்த குரல்தான், மாட்டுகிற இடமெல்லாம் அழித்து மறுபடி பேசலாம், இது நேரடிப் பேச்சு, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டது. அவரும் பேசவில்லை நானும் பேசவில்லை. தூரத்தில் பக்கிரிசாமி, லைன் போயிட்டாடா என்கிறார். போகவில்லை ஐயா, உலகத்திலேயே இவ்வளவு உறுதியான லைன் இன்றைக்கு வேறு இல்லை. த என்றார். த-த. நான் காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். "அவசரமில்லண்ணா," என்றேன், ஒரு இடத்திலும் மாட்டாமல் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது, இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். சிரிப்பும் பாட்டு மாதிரிதான், யாருக்கும் திக்குவதில்லை.

சிரித்து முடித்ததும் அவர் ஒரு காரியம் சொன்னார். இங்கேயிருந்து எந்த போனும் வெளியே போக மாட்டேன் என்கிறது, வருகிற கால்தான் வருகிறது, அதுவும் பக்கிரிசாமி போனுக்குத்தான். பஸ் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. பக்கத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள், அவரவர் பிள்ளைக்குச் சேதி சொல்ல வேண்டும். "ந-நம்பர் சொல்றேன், எழுதிக்க," என்றார். எழுதுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, எண்ணெயும் சீயக்காயும். தொட்டி கட்டி மிஞ்சிய செங்கல் துண்டு கிடந்தது, அதை எடுத்து மொட்டைமாடித் தரையில் குந்தினேன். அவர் ஒன்பதில் மாட்டினார். பிறகு தயக்கமே இல்லாமல் நம்பரைப் பாடத் தொடங்கினார், ஒன்பது ஒரு பள்ளம், எட்டு ஒரு மேடு, நடுநடுவே பேரும் சேதியும். அஞ்சலை, மகன் கோயம்புத்தூரில் பவுண்டரியில் வேலை, அம்மா நல்லா இருக்கேன்னு சொல்லு, ஆடும் நல்லா இருக்குன்னு சொல்லு. முருகையன், மகள் சென்னையில், அழக் கூடாதுன்னு சொல்லு. பாடப் பாட நான் செங்கல்லால் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டே நகர்ந்தேன், தரை முழுக்கச் சிவப்பு எழுத்து, முட்டியெல்லாம் செங்கல் தூள். அண்ணி எப்போது மேலே வந்தாள் என்று தெரியவில்லை, என் தோளிலிருந்து கடைசி நம்பரின் மேல் விழுந்திருந்த துவாலையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நின்றாள். கை நீட்டவில்லை. ஒரு ராகத்தின் நடுவில் லைன் நின்றது. திரும்ப அடித்தால் அந்தத் திக்காத பெண். பரவாயில்லை, எல்லாம் தரையில் இருக்கிறது.

தரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், குரலில் சொன்னேன், வைரக்கண்ணு அண்ணன் இருக்கார், முழுசாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் ஆனது, பிறகு இந்த நம்பர்களுக்குப் பேசணும் என்றேன். எல்லோரும் அவரவர் குளியலறைத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் ஜமால் பாய், ரெண்டாவது எனக்கு என்று எழுத்தில் போட்டார், தன் வீட்டு ஓட்டுக்கே இன்னும் ஆணி அடித்து முடியாத மனிதர். பூசை முடிந்து வந்த ரெஜினா அக்கா மூன்றாவது. தூத்துக்குடி நாலாவது. ஒவ்வொன்றாகத் தரையில் நம்பருக்கு நேரே செங்கல்லால் டிக் போட்டேன், அஞ்சலையம்மாவின் மகன் மட்டும் மிஞ்சினான், அவனை நான் எனக்கென்று விட்டு வைத்திருந்தேன். இந்நேரம் நாகூரிலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு வ-வ என்று நின்றுகொண்டிருப்பார்கள், தமிழ்நாடு முழுக்க நல்ல சேதி திக்கித் திக்கிப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே செங்கல்லைக் கீழே வைத்தேன். அடித்தேன். மணி முழுசாக ஒருதரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பான், வெள்ளிக்கிழமையிலிருந்து. "யாருங்க," என்றான். பட்டறை இரைச்சல், யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள். வே என்றேன். மாட்டிக்கொண்டது. இந்த இடத்தில்தான் வைப்பார்கள். அவன் வைக்கவில்லை. இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது, வெளியே நடந்து வருகிறான், கதவு சாத்துகிற சத்தம், பிறகு அவன் மூச்சு மட்டும். வே-வே-வேதாரண்யத்திலிருந்து, உங்க அம்மா, ந-நல்லா இருக்காங்க. ஸ்கூல்ல இருக்காங்க. ஆ-ஆடும் நல்லா இருக்கு. சொல்லி முடித்துவிட்டேன். பிறகு அ என்றான். நின்றுவிட்டது. அ, அ. வாழ்க்கையில் ஒருநாளும் திக்கியிருக்க மாட்டான் அவன், முழுக் குரல் உள்ள ஆம்பிளை, இப்போது முதலெழுத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். அண்ணி என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தேன். வரும், எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.